அரசியல் தலைவர்களின் பழைய பத்திரிகைப் படங்களைச் சேகரித்தல்: காவிரிப் படுகையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, அரசியல் தலைவர்களின் பழைய பத்திரிகைப் படங்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேகரித்து வருகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து இளைஞர்கள் பலர் இப்போது இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்திரிகைப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பத்திரிகையில் வெளியிடுவதற்காக எடுக்கப்பட்டு, டார்க் ரூமில் புரோமைடு என்னும் புகைப்படத் தாளில் கழுவி எடுக்கப்பட்ட பிரிண்டைச் சொல்கிறேன். செய்தித்தாளிலிருந்து கத்தரித்த துண்டும், நாட்காட்டியில் வந்த தலைவர் படமும், ஸ்டூடியோவில் நாற்காலியில் அமர்ந்து எடுத்துக்கொண்ட படமும் இதில் சேரா. அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அவை வேறு சேகரிப்பு. பத்திரிகைப் படம் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடந்ததற்குச் சாட்சி. அந்த நாளும் இடமும் தெரியாமல் போனால் மிஞ்சுவது ஒரு முகம் மட்டுமே, அந்த முகமோ ஆயிரம் படங்களில் இருக்கிறது.

டெல்டாவில் இப்படங்களை எடுத்தவர்கள் யார்?

பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர்கள். சென்னை நாளிதழ்களுக்கு இங்கே நிருபர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களுடன் தனியாக ஒரு புகைப்படக்காரர் இருந்தது அரிது. தலைவர் வருகிறார் என்றால், தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ தமக்குத் தெரிந்த ஸ்டூடியோவில் நிருபர் சொல்லி வைப்பார். கல்யாணத்துக்கு எடுத்துச் செல்லும் அதே ரோலிஃபிளெக்ஸ் அல்லது யாஷிகா கேமராவுடன் ஸ்டூடியோக்காரர் மேடையருகே போய் நிற்பார். ஒரு ரோலில் பன்னிரண்டு படங்களே விழும் என்பதால், தலைவர் வண்டியிலிருந்து இறங்குவதற்கு ஒன்று, மாலைக்கு இரண்டு, பேச்சுக்கு இரண்டு, கூட்டத்துக்கு ஒன்று என மனத்துக்குள்ளேயே பங்கு பிரித்துக்கொண்டுதான் அவர் பொத்தானை அழுத்துவார். அன்றிரவே கழுவி, ஈரம் காய்ந்ததும் காயாததுமாக உறையிலிட்டு, இரவு ரயிலிலோ தெரிந்த கண்டக்டர் மூலம் பஸ்ஸிலோ அனுப்பி விடுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் துத்தநாகத் தகட்டில் பிளாக் (படத்தை அச்சிடும் கட்டை) செய்து அச்சிட வேண்டும் என்பதால், படம் பேப்பரில் வர ஓரிரு நாள் ஆகும்.

அனுப்பிய பிரிண்ட் திரும்பி வருவது அரிது. ஆனால் அதே நெகட்டிவிலிருந்து கட்சிச் செயலாளருக்கு ஒன்று, பந்தல் போட்டவருக்கு ஒன்று, மாலை அணிவித்த மிராசுதாருக்கு ஒன்று என ஸ்டூடியோக்காரர் காப்பி போட்டு விற்றுவிடுவார். இன்று நம் ஊர்ப்பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் இந்தக் காப்பிகளே. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன பிரிண்டையும் வீட்டுக்குப் போன பிரிண்டையும் நான் ஒரே மதிப்பில் வைக்கிறேன், ஏனெனில் இரண்டும் அதே கணத்தைச் சேர்ந்தவை. இதில் மாறுபடுகிற சேகரிப்பாளர்களும் உண்டு.

இந்தப் பகுதியில் எந்தத் தலைவர்களின் படங்கள் கிடைக்கும்?

எந்தக் கட்சியானாலும் தஞ்சைத் தரணியைச் சுற்றாத தலைவர் இல்லை. ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியில் புறப்பட்டு, தொண்டர்களுடன் ஏறத்தாழ 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30-ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். அந்த யாத்திரையின் அசல் பிரிண்ட் ஒன்றாவது கையில் கிடைக்க வேண்டும் என்பது இங்குள்ள சேகரிப்பாளர் ஒவ்வொருவரின் ஆசையும்தான். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நீதிக்கட்சியின் சர் ஏ. டி. பன்னீர்செல்வம் தஞ்சை மாவட்டத்துக்காரர். 1940 மார்ச் 1 அன்று அவர் சென்ற விமானம் ஓமான் வளைகுடாப் பகுதியில் காணாமற்போனது. அவர் படங்கள் பழைய மிராசுதார் வீடுகளில் குழுப்படங்களாகக் கிடைக்கின்றன. பெரியார், அண்ணா, பட்டுக்கோட்டை அழகிரி ஆகியோரின் மேடைப் படங்கள் சுயமரியாதைக் குடும்பங்களில் உள்ளன. திருக்குவளையில் பிறந்து, திருவாரூரில் 1942-இல் முரசொலியைத் துண்டறிக்கையாகத் தொடங்கி, 1962-இல் தஞ்சாவூர்த் தொகுதியில் வென்ற கலைஞர் கருணாநிதியின் படங்களே எண்ணிக்கையில் அதிகம். அவருடைய இளமைக்காலப் படங்களுக்குப் போட்டியும் அதிகம். காமராஜர், ராஜாமடத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன், கபிஸ்தலம் மூப்பனார் ஆகியோரின் படங்கள் காங்கிரஸ் குடும்பங்களில் இருக்கும். விவசாயத் தொழிலாளரை அமைப்பாக்கிய பி. சீனிவாசராவ், மணலி கந்தசாமி ஆகியோரின் படங்கள் மிகக் குறைவு. குடிசைகளில் வாழ்ந்தவர்களிடையே அவர்கள் வேலை செய்தார்கள். அங்கே படம் எடுக்கப்பட்டதும் குறைவு, எடுத்தது வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் தப்பியதும் குறைவு. கிடைத்தால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள்.

எங்கே தேடுவது?

மூடப்பட்ட ஸ்டூடியோக்களில் முதலில் தேடுங்கள். உரிமையாளரின் மகனோ பேரனோ அதே கட்டடத்தில் செல்பேசிக் கடையோ ஜெராக்ஸ் கடையோ நடத்திக்கொண்டிருப்பார்கள். பரண்மேல் கொடாக், அக்ஃபா தாள் வந்த மஞ்சள், நீலப் பெட்டிகளில் நெகட்டிவ்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் அப்பெட்டிகளையும் சேர்த்தே வாங்குங்கள், ஏனெனில் தேதி பெரும்பாலும் பெட்டியின் மேல்தான் எழுதப்பட்டிருக்கும். அடுத்தது பழைய பேப்பர் கடைகள். வீடு இடிக்கும்போதும் பாகப்பிரிவினையின்போதும் டிரங்குப் பெட்டிகள் அங்கே வந்து சேருகின்றன. கடைக்காரரிடம் பெயரும் எண்ணும் கொடுத்து வைத்தால் போதும், நாள்தோறும் போய் நிற்க வேண்டியதில்லை.

நேரு, இந்திரா போன்றோரின் படங்கள் வெளிநாட்டு ஏலத் தளங்களில் ஏராளமாக வருகின்றன. அமெரிக்க நாளிதழ்கள் பல தம் படக் காப்பறைகளை விற்றுவிட்டதே இதற்குக் காரணம். அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவை யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை. நீடாமங்கலத்து டிரங்குப் பெட்டியில் இருப்பதை நீங்கள் போய் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப் போவதில்லை.

அசல் பிரிண்ட் என்பதை எப்படி அறிவது?

முதலில் ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லூப் போதும். கன்னத்தின் நிழற்பகுதியை அதன்வழியே பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது பிளாக்கில் அச்சிட்ட படம், அதாவது புத்தகத்திலோ மலரிலோ வந்தது. சிதறிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் கணினி அச்சு. புள்ளியே இல்லாமல் வெளிச்சம் நிழலுக்குள் கரைந்து போனால் அது புகைப்படத் தாள். குறுக்கே மிக நுண்ணிய இணைகோடுகள் ஓடினால், தந்திவழி அனுப்பிப் பெற்ற படமாக இருக்கலாம். அமெரிக்காவில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1935 ஜனவரி 1 அன்று இப்படிப் படம் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. அவற்றில் விளக்கக் குறிப்பும் படத்தோடு ஒட்டியே பதிவாகியிருக்கும்.

அடுத்தது தாள். விரலுக்குப் பிளாஸ்டிக் போல வழுக்கினால் அது ரெசின் பூசிய தாள், கறுப்பு வெள்ளையில் அது 1970-களின் தொடக்கத்திலிருந்தே பரவியது. அதற்கு முந்தையவை வெறும் நார்த்தாள். கனமாக இருக்கும், ஓரம் சற்றே சுருளும். நம் உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. எனவே அதன் ‘இந்து’ தாளில் உள்ள பிரிண்ட், படம் 1950-களில் எடுக்கப்பட்டதாக இருந்தாலும், பின்னாளில் போட்ட காப்பியே. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். புகைப்படத் தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருளைச் சேர்க்கும் வழக்கம் 1950-களில்தான் வந்தது. இருட்டறையில் அந்த விளக்கின் கீழே நீலவெண்மையாகப் பளிச்சிடும் தாளை ‘1930 உப்பு யாத்திரை அசல்’ என்று யாராவது விற்க வந்தால், மறுத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

கரும்பகுதிகளின் ஓரத்தில் சாய்ந்த வெளிச்சத்தில் நீலங்கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள். படத்திலுள்ள வெள்ளி, காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து படிவதால் உண்டாவது அது. பழைமையைக் காட்டும் நல்ல அடையாளம், துடைக்க முயலாதீர்கள். பழுப்பு நிறத் திட்டு வேறு: படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலைச் சரியாக அலசாமல் விட்டதால் வருவது. அவசரமாகக் கழுவிய பத்திரிகைப் படங்களில் அது சாதாரணம்.

பின்பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முன்பக்கத்திலிருப்பது தலைவரின் முகம். அந்த நாளைப் பற்றி நமக்கு எழுதிவைக்கப்பட்டதெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. ஸ்டூடியோவின் ஊதா நிற ரப்பர் முத்திரை, பென்சிலில் எழுதிய எத்தனை காப்பி என்ற கணக்கு, அச்சுக்கூடத்தில் பிளாக்கின் அகலத்தைக் குறித்த எண், உதவி ஆசிரியர் ஒட்டிய தட்டச்சுச் சீட்டு, வெளியான நாளின் முத்திரை, வாங்கியவர் தம் கையால் எழுதிய ஒரு வரி ஆகிய இவையனைத்தும் சேர்ந்ததே பத்திரிகைப் படம்.

என்னிடமுள்ள ஒரு படத்தைச் சொல்கிறேன். ஹாஃப் பிளேட் அளவு (ஏறத்தாழ ஆறரைக்கு நாலேமுக்கால் அங்குலம்). காமராஜர் ஒரு மர நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கிறார், முழங்கை வரையான கதர்ச் சட்டை, இடது கையில் யாரோ கொடுத்த எலுமிச்சம்பழம். பின்னால் பந்தல் காலில் வாழைமரம் கட்டியிருக்கிறது, வாழைத்தாரின் பூ தரையைத் தொடுகிறது. வலது ஓரத்தில் விசிறியுடன் ஒரு சிறுவன் நிற்கிறான். அவன் முகத்தின் குறுக்கே சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ளதைப் பேப்பரில் வெட்டிவிட வேண்டும் என்று பொருள். பின்பக்கத்தில் மங்கிய ஊதா முத்திரை, ‘2 காலம்’ (இரண்டு பத்தி அகலம்) என்று பென்சிலில் ஒரு குறிப்பு, அதன் கீழே வேறொரு கையெழுத்தில், நீல மையில், ‘நம்ம கோபு விசிறியோடு’ என்று ஒரு வரி. பத்திரிகை வெட்டியெறிந்த சிறுவனை ஒரு குடும்பம் எழுதிக் காப்பாற்றியிருக்கிறது. படத்தை மட்டும் ஸ்கேன் செய்து வைத்திருந்தால் கோபு நமக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

ஆகவே மெழுகுப் பென்சில் கோட்டை அழிக்காதீர்கள், வெள்ளைச் சாயத்தால் செய்த டச்சிங்கைச் சுரண்டாதீர்கள், ஒட்டிய சீட்டைப் பிய்க்காதீர்கள். நீங்கள் ஏதாவது எழுத வேண்டுமென்றால் மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் மேடாகத் தெரியும்.

தேதி இல்லாத படத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது?

தலைவரின் தோற்றத்திலிருந்து தொடங்கலாம். மாயவரத்தில் காந்தியடிகள், 1915 என்று ஒருவர் என்னிடம் ஒரு படம் காட்டினார். அந்த ஆண்டில் காந்தி தரங்கம்பாடிக்கும் மாயவரத்துக்கும் வந்தது உண்மை. ஆனால் படத்திலிருந்தவர் அரைவேட்டியில் இருந்தார். அவர் அந்த உடைக்கு மாறியது 1921 செப்டம்பரில், மதுரையில். 1915-இல் அவர் தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக இருந்தவர்.

பிறகு சுவர்களையும் தட்டிகளையும் பாருங்கள், தேர்தல் சின்னங்கள் நல்ல காலக்காட்டிகள். காங்கிரஸ் மேடையில் நுகம் பூட்டிய இரட்டைக் காளை இருந்தால் 1969 பிளவுக்கு முந்தைய காலம். பசுவும் கன்றும் இருந்தால் 1970-களில் இந்திரா காங்கிரஸ். கை வந்தது 1978-இல். இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலிலிருந்து தொடங்குகிறது. கொடியில் கவனம் தேவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு, கறுப்புக்கு மிக நெருக்கமாக விழும் என்பதால், நடுவில் சிவப்பு வட்டமுள்ள திராவிடர் கழகக் கொடியும், மேலே கறுப்பும் கீழே சிவப்பும் உள்ள தி.மு.க. கொடியும் முதற்பார்வைக்கு வெறும் கறுப்புத் துணியாகவே தோன்றும். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தி.மு.க. தொடங்கியது 1949 செப்டம்பர் 17 என்பதால், அந்த வேறுபாட்டிலிருந்து காலம் ஓரளவு தெரிந்துவிடும்.

எழுத்தும் உதவும். தட்டியில் ‘லை’, ‘னை’ போன்றவை துதிக்கை போன்ற கொம்புடன் பழைய வடிவில் இருந்தால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தையது. ஆனால் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் பழக்கத்தை உடனே விடுவதில்லை என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

ஊர்ப் பெயர்களுக்கு நாம் பெருமளவில் கடன்பட்டிருக்கிறோம். மாயவரம், மாயூரம் என்றிருந்தது 1982-இல் மயிலாடுதுறை ஆனது. நாகப்பட்டினம் 1991-இலும் திருவாரூர் 1997-இலும் தனி மாவட்டங்களாயின, மயிலாடுதுறை 2020-இல் ஆனது. ‘தஞ்சை ஜில்லா, நாகப்பட்டினம்’ என்ற முத்திரையைப் பார்த்தால் 1991-க்கு முன் என்று துணிந்து எழுதலாம். ‘சென்னை ராஜ்யம்’ என்றிருந்தால் பெயர் மாறிய 1969 ஜனவரிக்கு முன். ஸ்டூடியோ முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் யு.பி.ஐ. முத்திரை 1958-க்கு முன் இருக்க முடியாது, அந்த ஆண்டில்தான் இரண்டு நிறுவனங்கள் இணைந்து அது உருவானது. ஆனால் யுனைடெட் பிரஸ் ஆஃப் இந்தியா என்ற இந்திய நிறுவனமும் அதே சுருக்கப் பெயருடன் அதற்கு முன்பே இருந்ததால், முழுப்பெயரைப் பாருங்கள். ஆனால் இவையெல்லாம் பிரிண்ட் எப்போது போடப்பட்டது என்பதையே சொல்லும். படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது தனிக் கேள்வி. இரண்டு தேதிகளையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்?

நிலையான விலை இல்லை. பின்பக்கத்து முத்திரையும் குறிப்பும் உள்ளது, இல்லாததைவிடப் பல மடங்கு பெறும். புகழ்பெற்ற நிகழ்ச்சி, இளம்வயதுத் தலைவர், இதுவரை வெளிவராத படம் ஆகியவை விலையை ஏற்றும். ஒரு முதிய தொண்டரின் வீட்டில் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். அவர் கேட்பதைக் கொடுங்கள், முடிந்தால் நல்ல காப்பி ஒன்றைச் சட்டமிட்டு அவருக்கே திருப்பிக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்த வீடுகளிலிருந்துதான் அடுத்த படங்களும் வந்தன.

தலைவரே இல்லாத படத்தை வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். தலைவர் வருவதற்கு முன் வரப்பின்மேல் காத்திருக்கும் கூட்டம், நாற்று முடிகளைக் கரையில் போட்டுவிட்டு ஓடிவந்து நிற்கும் பெண்கள், ஒலிபெருக்கிக் குழாயைப் பனைமரத்தில் கட்டும் இளைஞன் ஆகியோரைப் பத்திரிகை அச்சிடவில்லை. ஆனால் பன்னிரண்டில் ஒரு படம் அவர்களுக்கு விழுந்திருக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு படம்கூட எடுக்கப்பட்டிருக்காது என்பதை நினைக்கும்போது, கூட்டத்தில் நிற்கும் பெயர் தெரியாத முகங்களை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு முகம் சுரண்டப்பட்டோ வெட்டப்பட்டோ இருந்தால்?

அப்படியே வையுங்கள். 1972-இல் தி.மு.க. பிளந்தபோதும், நெருக்கடி நிலையின்போதும் வீடுகளில் எத்தனையோ படங்கள் கத்தரிக்கோலுக்கும் அடுப்புக்கும் போயின என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெட்டிய ஓட்டையும் வரலாறுதான். கணினியில் முகத்தை வரைந்து நிரப்பிய படத்தை அசல் என்று யாருக்கும் காட்டாதீர்கள். எல்லாக் கட்சிப் படங்களையும் ஒரே அலமாரியில் வையுங்கள் என்பதும் என் வேண்டுகோள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்படிப் பாதுகாப்பது?

நம் ஊரில் இதுவே பெரிய பாடு. படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்பதால் ஈரத்தை உறிஞ்சி ஊதும், ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைக்கு உணவாகும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். அடைமழையில் நம் வீடுகளில் அது 80-ஐத் தாண்டும். எல்லா அறைகளையும் காயவைக்க முடியாது, ஒரு பெட்டியைக் காயவைக்கலாம். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத பெட்டியில், அமிலமற்ற காகித உறைகளில் படங்களை இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடுங்கள். புரட்டாசி வெயில் இருக்கும்போதே மூடிவிட வேண்டும், ஈரக்காற்றோடு மூடினால் ஈரத்தைச் சேர்த்தே அடைத்ததாகும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வறுத்துக் காயவைத்து மீண்டும் போடுங்கள். பெட்டியைத் தரையிலும், வெளிச்சுவரை ஒட்டியும், ஓட்டுக்கு நேர்கீழேயும் வைக்காதீர்கள்.

பிவிசி உறை வேண்டா, அதன் வாடையே தீங்கு. ஒட்டும் பக்கங்களுள்ள ஆல்பமும் வேண்டா. ராமபாணப் பூச்சிக்காக அந்துருண்டை போடுவதையும் நான் நிறுத்திவிட்டேன். உறையிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதே பூச்சிக்குச் சிறந்த மருந்து.

நனைந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்து ஒன்பது நாள் கழித்து வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓடு பறந்த மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியில் நாற்பது படங்கள் இருந்தனவாம். அந்தக் குடும்பத்தினர் நல்லெண்ணத்தில் அவற்றை அடுக்கோடு எடுத்து முற்றத்து வெயிலில் வைத்திருந்தார்கள். நான் பார்த்தபோது அது செங்கல் போன்ற ஒரே கட்டியாகியிருந்தது. மேற்படத்தில் ஒரு மேடையின் விளிம்பும் யாருடைய துண்டின் நுனியோ மட்டும் தெரிந்தன. உள்ளே இருந்த 39 படங்களில் ஒன்றையும் பிரிக்க முடியவில்லை.

நனைந்த படங்களை அடுக்கோடு காயவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றாகத் தாமே பிரிய விடுங்கள். முகப்பை விரலால் தொடாதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணிமேல் முகம் மேலே இருக்க, நிழலில், காற்றாட வையுங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க இயலாவிட்டால் இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, பாலித்தீன் பையில் சுற்றி, குளிர்பெட்டியின் உறைவறையில் வைத்துவிட்டுப் பின்னர் பார்க்கலாம். கண்ணாடி நெகட்டிவ்களை மட்டும் உறையவைக்கக் கூடாது.

சட்டமிடலாமா? லேமினேஷன் செய்யலாமா?

லேமினேஷன் ஒருபோதும் வேண்டா, வெப்பத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. சட்டமிடும்போதும் எச்சரிக்கை தேவை. சேகரிக்கத் தொடங்கிய காலத்தில், அண்ணா மாட்டுவண்டியில் நின்று பேசும் படம் ஒன்றைச் சட்டமிட ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அது ஹார்ட்போர்டில் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அழகாக இருக்கட்டும் என்று வெள்ளை ஓரத்தையும் வெட்டியிருந்தார்கள். பின்பக்கத்தில் எட்டு வரி பென்சில் குறிப்பு இருந்தது. ஊரின் பெயரும், வண்டி யாருடையது என்பதும் அதில் எழுதியிருந்ததாக நினைவு. நான் அதைப் படியெடுத்து வைக்கவில்லை. இன்றுவரை அந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு, சுவருக்கு ஒரு காப்பியைச் சட்டமிடுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கலாமா?

வேண்டா. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, அப்படியே வையுங்கள்.

எப்படி ஸ்கேன் செய்வது?

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில், டிஃப் (TIFF) கோப்பாக. வெள்ளை ஓரம் முழுதும் தெரிய வேண்டும். கோப்பின் பெயரில் எண் மட்டும் இருக்கட்டும், விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதுங்கள்.

வாங்கிய படத்தை நூலிலோ மலரிலோ வெளியிடலாமா?

தாளை வாங்கியதால் பதிப்புரிமை வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிழற்படத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் என்றிருந்த உரிமைக்காலம், 2012 திருத்தத்துக்குப் பின் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்றானது. பத்திரிகை ஊழியர் எடுத்த படத்தில் பத்திரிகைக்கும் உரிமை இருக்கலாம். எனவே மிகப் பழைய படமல்லாத எதையும் வெளியிடுமுன் ஸ்டூடியோ குடும்பத்தையோ இதழையோ கேட்டு, எழுத்தில் அனுமதி பெறுங்கள். எடுத்தவர் பெயரை அச்சிடுவது சட்டத்துக்காக மட்டும் செய்ய வேண்டியதன்று. பந்தலடியில் பன்னிரண்டு படங்களோடு நின்றவருக்கு அது நம் கடமை.

வெளிநாட்டுக்கு விற்கலாமா?

நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளையும், எழுபத்தைந்தாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணத்தையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது.

எனக்குப் பின் இவை என்னாகும்?

இதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஆராய்ச்சியாளர் பார்க்கக்கூடிய இடத்துக்குக் கொடுப்பது நல்லது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்றவற்றை அணுகிப் பார்க்கலாம். கொடுக்குமுன் பதிவேடு முழுமையாக இருக்க வேண்டும். பதிவேடு இல்லாத பெட்டி எந்த நிறுவனத்துக்கும் சுமையே.

படத்தில் இருக்கும் பெயர் தெரியாதவர்களை எப்படி அடையாளம் காண்பது?

அசலை எடுத்துச் செல்லாதீர்கள். பெரிதாக்கிய காப்பியை எடுத்துக்கொண்டு, முத்திரையிலுள்ள ஊருக்குக் காலையில் போங்கள். டீக்கடையில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருக்கும் நேரம் அது. ‘இவர் யார்’ என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘இது யார் வீட்டுத் திண்ணை, இந்த மரம் இன்னும் இருக்கிறதா’ என்று கேளுங்கள். இடம் நினைவுக்கு வந்தால் ஆட்கள் தாமே வருவார்கள். சொல்பவரை இடைமறிக்காதீர்கள். சொன்ன பெயர், சொன்னவர் பெயர், கேட்ட நாள் மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாமவர் வேறு பெயர் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

விசிறியோடு நிற்கும் சிறுவனின் படத்தை நான்கு ஊர்களுக்கு எடுத்துச் சென்றேன். நான்காவதில், திருத்துறைப்பூண்டிச் சாலையில் ஒரு வீட்டு வாசலில், ஒரு மூதாட்டி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். காமராஜரை அவர் பார்க்கவே இல்லை. “இது எங்க அண்ணன். விசிறிய இடது கையில பிடிச்சிருக்கு பாருங்க, எல்லாத்துக்கும் இடது கைதான், அப்பா அதுக்கே அடிப்பாங்க” என்றார். அவரிடம் அண்ணனின் வேறு படம் எதுவும் இல்லை. காப்பியை அவரிடமே கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் சிவப்புக் கோடு இல்லாமல் இன்னொன்று போட்டுக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கோடு இருக்கட்டும் என்றார்.